மது லைசென்ஸா, மாக்டெயிலா, கிளவுட் கிச்சனா: எதில் பணம் போடலாம்?

கேள்வி: அக்காவும் நானும் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஓர் உணவகம் நடத்துகிறோம். ஐம்பது பேர் உட்காரலாம். சனி, ஞாயிறு பரவாயில்லை; மற்ற நாட்களில் பாதி மேசை காலி. வருகிறவர்களும் முன்பு போல ஆர்டர் செய்வதில்லை. சாப்பாட்டோடு ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பார் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள் என்கிறார் ஒரு நண்பர். டெலிவரிக்கென்றே வேறு பெயரில் ஒரு கிளவுட் கிச்சன் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். அக்கா மகனோ, உள் அலங்காரத்தை மாற்றி, புகை கிளம்பும் பானங்கள் வைத்தால் ரீல்ஸ் எடுக்கவே கூட்டம் வரும் என்கிறான். கையில் இருக்கிற பணத்துக்கு ஏதாவது ஒன்றுதான் முடியும். இதில் எது நிலைக்கும், எது நாலு மாதத்தில் அடங்கிவிடும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று யோசனைகளையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தத் தண்ணீர் பாட்டில்தான்.

உணவகத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. 100க்கு உணவு விற்றால் அதில் 28 முதல் 35 வரை மூலப்பொருளுக்கே போய்விடும். பானத்தில் அது 20ஐ ஒட்டி நிற்கும். மூலப்பொருளும் சம்பளமும் சேர்ந்து விற்பனையில் 60, 65 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் வாடகை, மின்சாரம், பழுது, வரி போக கையில் ஏதாவது மிஞ்சும். பானம் கேட்ட மேசையும் கேட்காத மேசையும் அதே நாற்காலிகளில், அதே நேரத்துக்கு, அதே சர்வரை வைத்துக்கொண்டு சாப்பிடுகின்றன. வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான். நான்கு பேர் உட்கார்ந்த மேசையில் இரண்டு பேர் ஒரு பானம் கேட்டிருந்தால், அந்தக் கூடுதல் தொகையில் பெரும்பங்கு நேராக உங்கள் கைக்கு வந்திருக்கும். காலி மேசையை நிரப்புவது கஷ்டமான வேலை. நிரம்பிய மேசையில் ஒரு கோப்பை கூடுதலாகப் போவது அவ்வளவு கஷ்டமில்லை.

ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை மது இல்லாத பானங்களில் போடுங்கள். லைசென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். கிளவுட் கிச்சன் வேண்டவே வேண்டாம். புகை விஷயத்தில் உங்கள் அக்கா மகனோடு எனக்குச் சண்டையே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மது. உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மது பரிமாறும் மேசையின் பில் பெரியதுதான். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1939 முதல் 'நீங்கள் மது குடிப்பதுண்டா' என்று மக்களைக் கேட்டுவருகிறது. 2025இல் ஆம் என்றவர்கள் 54 சதவீதம். இத்தனை ஆண்டுகளில் அதுதான் மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடலுக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 2013இல் சுமார் நாலாயிரம் பேரோடு தொடங்கிய, ஜனவரி முழுக்க மதுவைத் தொடாமல் இருக்கும் 'டிரை ஜனவரி' இன்று பல நாடுகளில் நடக்கிறது. பெரிய மது நிறுவனங்களே பக்கம் மாறிப் பார்க்கின்றன: ஹைனெகன் 2017இல் ஆல்கஹால் இல்லாத 0.0 பியரை இறக்கியது. 2015இல் தொடங்கிய சீட்லிப் என்ற ஆல்கஹால் இல்லாத பான நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2019இல் டியாஜியோ வாங்கியது. விஸ்கி விற்றுச் சம்பாதிக்கிற நிறுவனம் அது.

இதை வைத்து உலகமே குடியை விட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மது இல்லாத பானம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வேறு நாட்களில் மது குடிக்கிறவர்கள்தான். இன்று வண்டி ஓட்ட வேண்டும், நாளை காலையில் வேலை, மாத்திரை சாப்பிடுகிறார், கர்ப்பம், அல்லது சும்மா இன்றைக்கு வேண்டாம். சிலர் ஒரே இரவில் ஒரு கோப்பை மது, அடுத்தது மது இல்லாதது என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். உங்களுக்கு இதில் முக்கியமான விஷயம் இது: மது குடிக்காத விருந்தாளி என்பது தனியாக ஒரு கூட்டம் மட்டும் இல்லை. யாரும் ஏதோ ஒரு நாள் அப்படி வந்து உட்காருவார். அன்று அவருக்கு நீங்கள் கொடுப்பது பாட்டில் சோடாவும் சர்க்கரைத் தண்ணீரும் என்றால், அவர் தண்ணீர் பாட்டிலே போதும் என்றுதான் சொல்வார்.

லைசென்ஸ் எடுத்தால் கட்டணத்தோடு முடியாது. ஸ்டாக்கில் பணம் முடங்கும். அளவு குறையும், பாட்டில் காணாமல் போகும், அதற்கு ஒரு கண் வேண்டும். கடை மூடும் நேரம் தள்ளிப்போகும். அளவு மீறியவரைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இப்போது வார இறுதியில் வருகிறவர்களில் சிலர் வராமலும் போகலாம். பாதி மேசை காலியாக இருக்கும்போது இத்தனை சுமையை ஏற்றக் கூடாது. இரண்டு ஆண்டு கழித்து உங்களுக்கே ஆசை வந்தால் எடுங்கள். அன்றும் இப்போது கற்றுக்கொள்ளும் பானங்கள் வீணாகாது, அவற்றின் மேலேயே மது மெனுவைக் கட்டலாம்.

இனி மாக்டெயில், அதாவது மது இல்லாத கலவைப் பானம். அந்தப் பெயரிலேயே பலருக்குச் சலிப்பு வந்துவிட்டது, நியாயம்தான். நிறச் சிரப், பாக்கெட் ஜூஸ், மேலே சோடா, ஓரத்தில் ஒரு குடை. இரண்டு வாய் குடித்ததும் திகட்டும். ஏன் திகட்டுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆல்கஹால் ஒரு பானத்தில் போதையை மட்டும் தருவதில்லை. தொண்டையில் ஒரு காரம், நாக்கில் ஒரு கனம், மூக்குக்கு வாசனையைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை எல்லாம் அதனுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மெதுவாகக் குடிக்க வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தைச் சர்க்கரையால் நிரப்பத் தோன்றும். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நிரப்ப வேண்டியது வேறு. துவர்ப்புக்குத் தேயிலை இருக்கிறது: சுடுநீரில் கொஞ்சம் நேரம் விட்டு இறக்கினால் துவர்ப்பு அழுத்தமாக இறங்கும், குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் மென்மையாக வரும். சிவப்பு ஒயினுக்கு வாயில் ஒரு பிடிப்பு இருக்கிறதே, அதுவும் துவர்ப்புதான். காரத்துக்கு இஞ்சியோ மிளகாயோ. கசப்புக்கு டானிக் தண்ணீர், ஆரஞ்சுத் தோல், வறுத்த காப்பி. புளிப்புக்கு எலுமிச்சை தவிர வினிகரும் உண்டு: பழம், சர்க்கரை, வினிகர் மூன்றையும் சேர்த்து ஊறவைத்துச் செய்யும் ஷ்ரப் பழைய முறை, அதன் புளிப்பே அதைக் கொஞ்ச நாள் காப்பாற்றும். இதெல்லாம் முடிந்ததும் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் உப்பே தெரியாது. கசப்பின் முனை மழுங்கி, பழத்தின் வாசனை மேலே வரும்.

ஒரு சோதனை சொல்கிறேன். புதிய பானத்தைச் செய்து உங்கள் சமையல்காரரிடம் கொடுங்கள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்றால் அது ஜூஸ். ஒரு வாய் குடித்து, கோப்பையைப் பார்த்து, இன்னொரு வாய் குடித்தால் அதை மெனுவில் வையுங்கள்.

குளிர்ச்சியில் கஞ்சத்தனம் கூடாது. கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரைந்து நிற்கும். வெதுவெதுப்பான சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் நுரைத்து, குமிழெல்லாம் அங்கேயே போய்விடும். சோடா, சிரப், கோப்பை மூன்றும் ஃப்ரிட்ஜிலிருந்தே வரட்டும். ஐஸ் பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும். சின்னத் துண்டு ஐஸ் போட்டால் பாதிக் கோப்பைக்கு மேல் விருந்தாளி குடிப்பது தண்ணீர்.

இத்தனையையும் ஆர்டர் வந்த பிறகு செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, செய்யவும் கூடாது. 2013இல் லண்டனில் ரயன் செட்டியவர்தன தொடங்கிய ஒயிட் லையன் பாரில் ஐஸும் இல்லை, புதிய எலுமிச்சையும் இல்லை. எல்லாம் முன்கூட்டியே அளந்து கலந்து பாட்டிலில் வைத்தது, ஆர்டர் வந்தால் ஊற்றுவது மட்டும்தான் வேலை. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் மதியமே அடிப்படைக் கலவையைச் செய்து வைத்துவிட்டால், இரவில் சர்வரே ஊற்றி, சோடா சேர்த்து, ஒரு தோல் கிள்ளிப் போட்டுக் கொடுத்துவிடலாம். தனியாகப் பார்டெண்டர் சம்பளம் தேவையில்லை. உங்கள் அளவுக் கடையில் இந்த யோசனை நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வதே இந்த ஒரு விஷயம்தான்.

அதிலே ஓர் எச்சரிக்கை. மதுவில் செய்த கலவை பாட்டிலில் பல நாள் கிடக்கும். ஆல்கஹாலே அதைக் காக்கும். உங்களுடையதைக் காக்க ஆள் இல்லை. எலுமிச்சைச் சாறு சில மணி நேரத்திலேயே மாறத் தொடங்கும், அதை அன்றன்று பிழிந்து அன்றே தீர்த்துவிடுங்கள். ஊறவைத்த தேநீர், பழச்சாறு சேர்ந்த சிரப் எல்லாம் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், பாட்டிலில் செய்த தேதி ஒட்ட வேண்டும், சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டும். சமையலறையில் இறைச்சிக்கு எவ்வளவு கண்டிப்பாக இருப்பீர்களோ அதே கண்டிப்பு இங்கும்.

இன்னொன்று, பெயர் போடும்போது கவனம். 'ஆல்கஹால் இல்லை' என்று பாட்டிலில் இருப்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் இல்லை. அமெரிக்காவில் 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் 'நான்-ஆல்கஹாலிக்' (மது அற்றது) என்று போடலாம். பிரிட்டனின் வழிகாட்டுதலில் 'ஆல்கஹால் ஃப்ரீ' என்பதற்கு எல்லை 0.05 சதவீதம். புளிக்கவைத்த தேநீரான கொம்புச்சா இன்னும் சிக்கல், அது பாட்டிலுக்குள்ளேயே தொடர்ந்து புளிக்கும். 2010இல் அமெரிக்காவில் ஆல்கஹால் அளவு கூடிவிட்டது என்ற சந்தேகத்தில் கடை அலமாரிகளிலிருந்தே அதை எடுத்தார்கள். மத நம்பிக்கையாலோ, குடியிலிருந்து மீண்டு வந்ததாலோ ஒரு துளியும் கூடாது என்று இருப்பவர் உங்களை நம்பித்தான் குடிக்கிறார். மெனுவில் 0.0, 0.5 என்று எண்ணிலேயே எழுதிவிடுங்கள். எந்த எல்லை சட்டம் என்பதை உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பானம் வைப்பது? ஆறு போதும். இருபது வைத்தால் பதினான்கு ஃப்ரிட்ஜில் செத்துப்போகும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கசவானா, ஸ்மித் என்ற இருவர் 1982இல் மெனுவை நான்கு கட்டமாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு முறையைச் சொன்னார்கள். நன்றாக விற்று லாபமும் தருவது, விற்றும் லாபம் குறைந்தது, லாபம் இருந்தும் விற்காதது, இரண்டும் இல்லாதது. இன்றைக்கும் எந்த மென்பொருளைவிடவும் நான் இதைத்தான் நம்புகிறேன், ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும். பானத்துக்கு ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் விழுவதை யோசிக்காமல் எடுங்கள். லாபம் இருந்தும் விற்காததுதான் சுவாரஸ்யம். அங்கே பெரும்பாலும் குறை பானத்தில் இருக்காது, பெயரிலோ, மெனுவில் அது இருக்கும் இடத்திலோ, சர்வர் அதைக் குடித்தே பார்க்காததிலோ இருக்கும்.

சர்வர் என்றதும் சொல்ல வேண்டியது. 'தண்ணீர் பாட்டிலா, சாதாத் தண்ணீரா?' இதுதானே உங்கள் கடையில் முதல் கேள்வி? கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். இனி முதலில் மெனுவிலிருக்கும் ஒரு பானத்தைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும், பிறகு தண்ணீர். அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு துளியைச் சர்வர்கள் எல்லோரும் ஆறு பானங்களையும் குடித்துப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.

விலையில் கூச்சம் வேண்டாம். மது இல்லை என்பதற்காகத் தண்ணீர் விலைக்கு விற்க வேண்டியதில்லை. வேலை அதே வேலை, சில நேரம் கூடவே. அதற்காகக் காக்டெயில் விலையையும் வைக்காதீர்கள், கேட்டவர் அடுத்த முறை கேட்கமாட்டார். மூலப்பொருள் 20 சதவீதம் வரும்படி விலையைப் போட்டுவிட்டு, அது உங்கள் பிரதான உணவின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா பாருங்கள். தாண்டினால் செய்முறையை மாற்றுங்கள். இந்த மூன்றில் ஒரு பங்கு என் சொந்தக் கணக்கு, எங்கும் எழுதி வைத்ததில்லை.

இப்போது கிளவுட் கிச்சன். பெருந்தொற்றுக் காலத்தில் இதைப் போல ஓடியது வேறில்லை. வெண்டிஸ் என்ற பர்கர் நிறுவனம் 2021இல் ரீஃப் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 700 டெலிவரிச் சமையலறைகள் திறப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துக்கொண்டது. ஒரே சமையலறையிலிருந்து ஒரே மெனுவைப் பல பெயர்களில் விற்பது பெருகிப்போய், 2023இல் ஊபர் ஈட்ஸ் என்ற டெலிவரி செயலி சுமார் 5,000 கடைகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது. உங்கள் நண்பர் சொல்லும் 'வேறு பெயர்' கதை அங்கே போய் முடிந்தது.

கமிஷனையும் பாருங்கள். டோர்டாஷ் என்ற டெலிவரி நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் கடைகளுக்கு 15, 25, 30 சதவீதம் என்று மூன்று திட்டங்கள் வைத்தது. 30 என்றால் என்ன? 100க்கு விற்ற உணவில் 32 மூலப்பொருள், 30 கமிஷன், பேக்கிங் தனி. சம்பளத்துக்கும் வாடகைக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். இதைவிட நான் கவலைப்படுவது வேறொன்று. டெலிவரியில் பானம் போகாது. ஐஸ் கரையும், குமிழ் அடங்கும், வீட்டில்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று அவர்களும் கேட்கமாட்டார்கள். டெலிவரி கூடக் கூட, உங்களிடம் லாபம் அதிகமுள்ள பொருளின் விற்பனைப் பங்கு குறையும். இப்போது இருக்கும் பெயரில், இருக்கும் அடுப்பில் வருகிற டெலிவரி வரட்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. தனியாக ஒரு சமையலறைக்கு வாடகை கட்டாதீர்கள்.

சரி, புகை. பானத்தில் அதைக் கிளப்பப் பெரும்பாலும் திரவ நைட்ரஜனோ, உறைந்த கரியமில வாயுவான உலர் பனிக்கட்டியோ போடுவார்கள். திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். உலர் பனிக்கட்டி மைனஸ் 78.5. இரண்டும் விழுங்கக்கூடிய பொருள் இல்லை. 2012இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு 18 வயதுப் பெண் திரவ நைட்ரஜன் சேர்த்த காக்டெயிலைக் குடித்து, உயிரைக் காப்பாற்ற வயிற்றையே எடுக்க வேண்டியதாயிற்று. 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இப்படிப் பரிமாறும் கடைகளைக் குறித்து எச்சரித்தது. கூட்டம் நெரியும் சனிக்கிழமை இரவில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் 'முழுக்க ஆவியாகிவிட்டதா' என்று பார்த்துத்தான் கொடுப்பான் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? என்னால் முடியாது. அக்கா மகனுக்குப் படம் வேண்டுமென்றால் கண்ணாடி போன்ற ஒரு பெரிய ஐஸ் கட்டி, நல்ல கோப்பை, மேசைக்கு மேலே சரியான விளக்கு, இவை போதும். அழகாகவும் வரும், யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டாம்.

அலங்காரம் முழுக்க வேண்டாமா என்றால், உட்காரத் தூண்டும் அளவுக்கு வேண்டும். ஸ்டார்பக்ஸ் பல ஆண்டுகள் வேகத்தையும் மொபைல் ஆர்டரையும் துரத்திவிட்டு, 2024 செப்டம்பரில் பிரையன் நிக்கோல் தலைமைக்கு வந்த பிறகு திரும்பிப் பார்த்தது: உட்கார்ந்து குடிப்பவருக்கு மறுபடி பீங்கான் கோப்பை, மெனுவில் சுமார் 30 சதவீதம் வெட்டு என்று அறிவிப்பு, உட்கார இடமில்லாத வாங்கிக்கொண்டு போகும் கடைகளைப் படிப்படியாக விடும் முடிவு. அவர்கள் இன்னும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனமே நாற்காலியைத் தேடி வருகிறது, உங்களிடம் அது ஏற்கெனவே ஐம்பது இருக்கிறது. வார நாள் மாலையில், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பானமும் சின்னத் தட்டு ஒன்றும் மட்டும் சாப்பிட்டுப் போக இடம் கொடுங்கள். எடை குறைக்கும் ஊசி மருந்துகள் பரவிய பிறகு பல இடங்களில் பாதி அளவுத் தட்டு கேட்கிறவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும். க்யூஆர் மெனுவைப் பற்றி ஒரே வரி: பானத்துக்கு மட்டுமாவது அச்சிட்ட அட்டை வையுங்கள், போனில் யாரும் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்ப்பதில்லை.

எப்படித் தெரியும் வேலை செய்கிறதா என்று? ஒரே எண்ணைப் பாருங்கள்: பத்து விருந்தாளிக்கு எத்தனை பானம். தண்ணீர் பாட்டிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த வாரமே பழைய பில்களில் எண்ணி எழுதிவையுங்கள், பிறகு வாராவாரம் எண்ணுங்கள், வார நாளையும் வார இறுதியையும் தனித்தனியாக. இரண்டு மாதத்தில் அந்த எண் ஏறி, மேசைகள் மட்டும் காலியாகவே இருந்தால் சிக்கல் பானத்தில் இல்லை; சமையலிலோ, இருக்குமிடத்திலோ, பக்கத்தில் புதிதாக வந்த எதிலோ இருக்கிறது. அப்போது வார நாள் பில்களை மணிவாரியாகப் பிரித்து, எந்த மேசை எவ்வளவு நேரம் பிடித்தது என்பதோடு எனக்கு எழுதுங்கள்.